பெரிய ‘ஜி’க்கும் சிறிய ‘ஜி’க்கும் ஏன் முகச்சாயலே இல்லை?

நாலுகோடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். நாலு கோடு நோட்டில் ஆங்கில எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தவள், போன வாரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “பெரிய ஜி, சின்ன ஜி ரெண்டும் ஒரே எழுத்துன்னா ஏன்ப்பா ஒரே மாதிரி இல்ல?” என்று கேட்டாள். நாற்பது வயதுவரை எனக்குத் தோன்றாத கேள்வி அது. ‘சி’, ‘ஓ’, ‘எஸ்’ போன்றவற்றில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் யானையும் யானைக்குட்டியும்போல அளவில் மட்டுமே வேறுபடுகின்றன. ‘ஏ’, ‘டி’, ‘ஜி’, ‘ஆர்’ ஆகியவற்றிலோ இரண்டுக்கும் உறவு இருப்பதாகவே தெரியவில்லை. ‘டி’ என்று நான் சொல்வது ‘சி’க்கு அடுத்து வரும் ‘டி’யை. தமிழில் எழுதும்போது இரண்டு ‘டி’களும் ஒன்றாகிவிடுவதால் இதைச் சொல்லிவைக்கிறேன். அந்த ‘டி’யில் பெரிய எழுத்துக்கு வயிறு வலப்பக்கம் இருக்கிறது, சிறிய எழுத்துக்கு இடப்பக்கம் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சிறிய ‘ஏ’வின் தலைக்கு மேல் ஒரு கொக்கி வளைந்திருக்கிறது. நோட்டில் எழுதச் சொல்லித்தரும் சிறிய ‘ஏ’வில் அந்தக் கொக்கி கிடையாது. குழந்தை புத்தகத்தைப் பார்த்துக் கொக்கியோடு எழுதியதற்குச் சிவப்பு மையில் ஒரு சுழிதான் கிடைத்தது.

இணையத்தில் தேடியபோது பழைய ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளின் எழுத்து வகைகளாக அன்சியல், கரோலிங்கியன், காதிக் என்று பல பெயர்கள் கிடைத்தன. அல்குயின் என்ற துறவி சிறிய எழுத்துகளைக் கண்டுபிடித்தார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இவையெல்லாம் இன்றைய ஃபான்ட் போல ஒரே காலத்தில் விருப்பத்துக்கேற்ப எழுதப்பட்டவையா, அல்லது ஒன்றன்பின் ஒன்றாக வந்தவையா? ஒன்று போய் இன்னொன்று ஏன் வந்தது? எனக்கு விளங்கும்படி ஒரு விடையும் குழந்தைக்குச் சொல்லும்படி ஒரு விடையும் கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழஞ்சுவடி (மறுமொழி):

உங்கள் மகளின் கேள்விக்குப் பாதி விடை அவள் கையிலுள்ள நோட்டிலேயே இருக்கிறது. பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம் கொண்டவை. தலைக்கு ஒரு கோடும் காலுக்கு ஒரு கோடும் இருந்தால் அவற்றுக்குப் போதும், மற்ற இரண்டு கோடுகளும் அவற்றுக்கு வேலையற்றவை. சிறிய எழுத்துகளில் ‘எச்’, ‘எல்’ போன்றவை மேலே நீள்கின்றன, ‘ஜி’, ‘ஒய்’ போன்றவை கீழே தொங்குகின்றன, மற்றவை நடுவில் உட்கார்ந்துகொள்கின்றன. ஆகவே அவற்றுக்குத்தான் நாலு கோடு தேவைப்படுகிறது. இரண்டு கோட்டு எழுத்து எப்படி நாலு கோட்டு எழுத்தாயிற்று என்பதுதான் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்கால இலத்தீன் சுவடிகளின் கதை. நீங்கள் குறிப்பிட்ட வகைகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை என்றாலும், புதியது வந்தவுடன் பழையது மறைந்துவிடவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் இருந்தவை பெரிய எழுத்துகள் மட்டுமே. ரோமாபுரியில் 113ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட டிராஜன் வெற்றித்தூணின் அடிப்பீடத்தில் இருக்கும் கல்வெட்டைப் படமாகப் பார்த்தீர்களானால், இன்று நாம் எழுதும் பெரிய எழுத்துகளுக்கும் அவற்றுக்கும் அநேகமாக வேறுபாடே இல்லை என்பதைக் காண்பீர்கள். ஆனால் கல்லில் வெட்டிய எழுத்தை வைத்துக்கொண்டு கடைக்கணக்கு எழுத முடியாது. அதே ரோமானியர்கள் மெழுகுப் பலகையிலும் மரச்சீவலிலும் அன்றாட வேலைகளுக்கு வேகமான வேறொரு கையெழுத்தை எழுதினார்கள். இங்கிலாந்தின் வடக்கே, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலுக்கு அருகிலுள்ள விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் தோண்டியெடுக்கப்பட்ட மரச்சீவல்கள் இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ அஞ்சலட்டை அளவிலும் ஓரிரு மில்லிமீட்டர் கனத்திலும் உள்ள அந்தச் சீவல்களில், 100ஆம் ஆண்டையொட்டி கிளாடியா செவெரா என்ற பெண்மணி தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாள் விழாவுக்கு அழைத்து எழுதிய கடிதமும் ஒன்று. கடிதத்தின் பெரும்பகுதியை எழுத்தர் ஒருவர் எழுத, இறுதியிலுள்ள அன்பு வரிகளைச் செவெராவே தம் கையால் சேர்த்திருக்கிறார். இலத்தீன் நன்கு தெரிந்தவர்களும் பயிற்சியில்லாமல் அந்தக் கையெழுத்தைப் படிக்க இயலாது. கை வேகமாக ஓடும்போது மூலைகள் மழுங்குகின்றன, தனித்தனிக் கோடுகள் சேர்ந்து ஒன்றாகின்றன, சில கோடுகள் வரிக்கு மேலும் கீழும் நீண்டுவிடுகின்றன. இன்றைய சிறிய எழுத்துகளின் விதை இந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

நூல்களுக்கு எழுதும் எழுத்து இதைவிட மெதுவாக மாறியது. பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் சுருள்களின் இடத்தை, பதப்படுத்திய தோலைத் தாள்தாளாக மடித்துத் தைத்த கட்டுநூல்கள் பிடித்துக்கொண்ட நான்காம் நூற்றாண்டில், வழவழப்பான தோலில் பேனா தடையின்றி வளைந்து ஓடியதை ஒட்டி, பெரிய எழுத்துகள் உருண்டு திரண்ட வடிவம் பெற்றன. இதற்குத்தான் அன்சியல் என்று பெயர். ‘ஏ’, ‘டி’, ‘இ’, ‘எம்’ ஆகிய நான்கும் உருண்டிருந்தால் அது அன்சியல் என்று சொல்லிவிடலாம். பொன்னாலும் வெள்ளியாலும் ஊதாத் தோலில் இத்தகைய பெரிய எழுத்துகளை எழுதிக் குவிப்பவர்களை, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம், அதன் யோபு நூலுக்கு எழுதிய முன்னுரையில் கேலி செய்திருக்கிறார்; அழகான ஏட்டைவிடப் பிழையில்லாத ஏடுதான் தமக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. இன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இருக்கும் அமியாட்டினுஸ் என்னும் விவிலியப் படி முழுவதும் அன்சியலில் எழுதப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோல் ஏடுகளும் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அந்த நூலை இங்கிலாந்தின் வடபகுதித் துறவிகள் எழுதி முடித்து, 716ஆம் ஆண்டில் திருத்தந்தைக்குக் காணிக்கையாக எடுத்துச் சென்றார்கள். அதைக் கொண்டுசென்ற மடத் தலைவர் கியோல்ஃப்ரித் வழியிலேயே காலமாகிவிட்டார். நூலின் முகப்பில் இருந்த அவருடைய பெயரைப் பின்னால் யாரோ சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதிவிட்டதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அது இத்தாலியில் எழுதப்பட்டதாகவே எண்ணப்பட்டது.

அன்சியலுக்கும் கடைக்கணக்குக் கையெழுத்துக்கும் நடுவே பிறந்த பிள்ளை என்று அரை அன்சியலைச் சொல்லலாம். பெயரில் அரை என்று இருந்தாலும் நாலு கோட்டு எழுத்து அதில்தான் நூல்களுக்குள் முறையாக நுழைகிறது. அது அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே தனி அழகோடு வளர்ந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலுள்ள, 800ஆம் ஆண்டையொட்டிய கெல்ஸ் நூலும், இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலும் இந்த வழியில் வந்தவை. இரண்டாவதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 720ஆம் ஆண்டுக்கு முன்பின்னாக ஆயர் ஈட்ஃபிரித் எழுதியதாகக் கருதப்படும் இலத்தீன் வரிகள் கரிய, தடித்த, உருண்டையான எழுத்தில் நிற்கின்றன. அவற்றின் இடைவெளிகளில், ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பிறகு ஆல்ட்ரெட் என்ற குருவானவர் ஒவ்வோர் இலத்தீன் சொல்லுக்கு மேலும் அதன் பழைய ஆங்கிலப் பொருளைப் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். மூல பாடத்துக்குப் பெரிய, நிதானமான எழுத்து, உரைக்குச் சிறிய, வேகமான எழுத்து என்ற பாகுபாட்டை அந்த ஒரே பக்கத்தில் கண்ணால் பார்த்துவிடலாம்.

இனி அல்குயின். அவர் சிறிய எழுத்தைக் கண்டுபிடித்தார் என்பது காணொளிகளுக்கு வசதியான செய்தி. காலம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் பகுதிகளில் மடத்துக்கு மடம் எழுத்து வேறுபட்டிருந்தது. ஒரு வட்டாரத்துச் சுவடியை இன்னொரு வட்டாரத்தார் படிப்பது கடினமாக இருந்தது. அந்த நிலையில் பிரான்சின் வடக்கேயுள்ள கோர்பி மடத்தில், மோர்திராம்னுஸ் தலைவராக இருந்த 772க்கும் 781க்கும் இடையில் எழுதப்பட்ட விவிலியத்திலேயே, தெளிந்த, சீரான, எழுத்தோடு எழுத்து முட்டாத புதிய சிறிய எழுத்து காணப்படுகிறது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன் மன்னருக்காக 781க்கும் 783க்கும் இடையில் கோடெஸ்கால்க் என்பவர் எழுதிய நற்செய்தி வாசக நூலில் மூல பாடம் அன்சியலிலும் இறுதியிலுள்ள காணிக்கைப் பாடல் இந்தப் புதிய எழுத்திலும் இருக்கின்றன. அல்குயின் டூர் நகர மடத்துக்குத் தலைவரானது 796இல்தான். அதை ஒழுங்குபடுத்திப் பரப்பிய பெருமையில் அவருக்குப் பங்கு உண்டு. பிறப்பித்த பெருமை பெயர் தெரியாத பல கைகளைச் சேர்ந்தது. மன்னருடைய ‘கரோலுஸ்’ என்ற இலத்தீன் பெயரால் கரோலிங்கியன் என்று அந்த எழுத்து அழைக்கப்பட்டாலும், மன்னருக்கு எழுத வரவில்லை. எழுதும் பலகைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் பழகிப் பார்த்தார் என்றும், முதிய வயதில் தொடங்கியதால் கைகூடவில்லை என்றும் அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிப்பிடுகிறார்.

கரோலிங்கிய நூல்களில் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய பழக்கம் ஒன்று உண்டு. நூலின் தலைப்பைக் கல்வெட்டுப் பேரெழுத்திலும், தொடக்க வரிகளை அன்சியலிலும், எஞ்சிய பகுதியைச் சிறிய எழுத்திலும் எழுதினார்கள். எவ்வளவு பழைய எழுத்தோ அவ்வளவு உயர்ந்த இடம். பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறிய எழுத்தில் தொடரும் இன்றைய வழக்கத்தின் மூலம் இந்த வரிசைமுறைதான். ஆகவே உங்கள் மகள் கேட்ட இரண்டு ‘ஜி’களும் தாயும் பிள்ளையும் அல்ல, பெரியது கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா, சிறியது அவருடைய எத்தனையோ தலைமுறை கடந்த பேத்தி. இருவரையும் ஒரே வீட்டில் குடியமர்த்தியிருக்கிறோம். முகச்சாயல் சில பேத்திகளிடம் தங்கியிருக்கிறது, சிலரிடம் போய்விட்டது.

இறகுப்பேனா (மறுமொழி):

மேலே உள்ள விளக்கம் நன்று. நான் எழுத்தணிக்கலை பயில்பவள். கையால் செய்து பார்த்தால் இன்னும் தெளிவாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்து, அதன் முனையை நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு உளிபோலச் சீவிக்கொள்ளுங்கள். அதுதான் அந்தக் காலத்து வாத்து இறகுப் பேனாவின் அடிப்படை. முனை பட்டையாக இருப்பதால் அழுத்தாமலேயே ஒரு திசையில் தடித்த கோடும் மறுதிசையில் மெல்லிய கோடும் விழும். தோலின்மேல் இந்தப் பேனாவைக் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இழுக்கலாம். மேல்நோக்கித் தள்ளினால் முனை குத்திக்கொள்ளும், மை தெறிக்கும். இந்த ஒரு தடைதான் பாதி எழுத்துகளின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் இரண்டு மூன்று இழுப்புகளின் கூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ‘டி’க்கு வருவோம். கல்வெட்டு ‘டி’யில் முதுகு நேர்கோடு, வயிறு வலப்பக்கத்து வளைவு. அன்சியலில் அதே எழுத்தை எழுத, முதலில் இடப்பக்கம் ஒரு பிறைவளைவை இழுக்கிறோம். பிறகு பேனாவை மேலே எடுத்துச் சென்று, இடப்பக்கம் சாய்ந்த ஓர் உச்சிக் கோட்டில் தொடங்கி, வலப்பக்கமாக வளைத்து இறக்கி வட்டத்தை மூடுகிறோம். பார்ப்பதற்கு ‘ஓ’வின் தலையில் காற்றில் சாய்ந்த குடுமி ஒன்று முளைத்ததுபோல இருக்கும். அரை அன்சியலில் அந்தக் குடுமி நிமிர்ந்து செங்குத்தாக நிற்கிறது. அவ்வளவுதான், வயிறு இடப்பக்கம் போய்விட்டது. யாரும் எழுத்தைத் திருப்பிப்போடவில்லை; வலப்பக்கத்து வளைவு நிமிர்ந்து முதுகாகிவிட்டது.

‘ஏ’வும் இப்படியே. கூரைபோன்ற பெரிய ‘ஏ’வின் இடக்காலும் குறுக்குக் கட்டையும் வேகத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு சிறு பையாயின, வலக்கால் மட்டும் சாய்ந்த முதுகாக நின்றது. ‘ஜி’யைப் பொறுத்தவரை, ரோமானியர்களின் பிற்காலக் கைவேக எழுத்தில் அது தலையில் ஒரு படுக்கைக் கோடும் கீழே வளைந்து தொங்கும் வாலுமாக, ஏறத்தாழ இன்றைய ஐந்து என்ற எண்ணைப்போல மாறிவிட்டது. ஐரிஷ் துறவிகள் அந்தத் தட்டைத் தலையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கரோலிங்கிய எழுத்தர்கள் தலையை மூடி வட்டமாக்கினார்கள். வட்டத் தலையும் வளைந்த வாலும் கொண்ட சிறிய ‘ஜி’ அங்கிருந்து வந்தது.

மையைப் பற்றியும் ஒரு சொல். கருவாலி மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் காய்போன்ற முடிச்சுகளை ஊறவைத்து, அந்தச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்து, வேலம்பிசின் கலந்து மை செய்தார்கள். நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கருப்பாகிறதல்லவா, அதே வினைதான். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டபின் கறுக்கும். புதியவர்கள் எழுத்து தெரியவில்லையே என்று மறுபடியும் அதன்மேல் இழுத்துக் கெடுத்துவிடுவோம். என் முதல் பத்துத் தாள்கள் அப்படித்தான் வீணாயின.

நாலுகோடு (கேட்டவர்):

இருவருக்கும் மிக்க நன்றி. மகளுக்குக் குடுமி வைத்த ‘ஓ’ மிகவும் பிடித்துவிட்டது. இரவு முழுவதும் அதையே வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கரோலிங்கிய எழுத்தின் படங்களைப் பார்த்தேன். இன்று அச்சடித்ததுபோல அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த காதிக் எழுத்தோ வேலி அடைத்ததுபோல இருக்கிறது, ஒரு சொல்லைக்கூட என்னால் பிரித்துப் படிக்க முடியவில்லை. நல்லதை விட்டுவிட்டுக் கடினமானதற்கு ஏன் போனார்கள்? இரண்டாவது, கொக்கி வைத்த ‘ஏ’வும் கொக்கியில்லாத ‘ஏ’வும் எப்படி ஒரே காலத்தில் நிலைத்தன?

அச்சுக்கோப்பு (மறுமொழி):

அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்த இரண்டு ஐயங்களும் எங்கள் தொழிலின் வாசலில் வந்து நிற்பவை என்பதால் விடை சொல்ல முயல்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுத்து மடத்தைவிட்டு ஊருக்குள் வந்தது. பாரிசிலும் பொலோனியாவிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன, மாணவர்களுக்கு நூல்கள் தேவைப்பட்டன, கூலிக்குப் படியெடுக்கும் எழுத்தர்கள் பெருகினார்கள். சரிபார்த்த மூலப் படியைத் தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் வாடகைக்கு விட்டு, ஒரே நேரத்தில் பலர் படியெடுக்கும் ஏற்பாடும் வந்தது. தோல் விலை மிகுந்த பொருள். ஒரு கன்றின் தோலில் சில ஏடுகளே கிடைக்கும். ஆகவே எழுத்துகளை ஒடுக்கி, நெருக்கி, சொற்களைச் சுருக்கி எழுதினார்கள். வளைவுகள் முறிந்து கோணங்களாயின. அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் வயிறுகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. இடநெருக்கடி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆலய வழிபாட்டுக்கான பெரிய நூல்களில் இடத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் இதே எழுத்தை விரற்கடை உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். நெய்த துணிபோல ஒரே சீராகக் கறுத்து நிறைந்த பக்கம் அவர்கள் கண்ணுக்கு அழகாக இருந்தது; நெசவு என்று பொருள்படும் டெக்ஸ்டூரா என்ற பெயரே அதற்குச் சாட்சி.

நீங்கள் சொன்ன வேலி உவமை சரியானது. காதிக்கில் ‘ஐ’க்கு ஒரு குத்துக்கோடு, ‘என்’னுக்கும் ‘யு’வுக்கும் இரண்டு, ‘எம்’முக்கு மூன்று. கோடுகளுக்கு இடையேயும் எழுத்துகளுக்கு இடையேயும் ஒரே அளவு இடைவெளி. ‘மினிமம்’ என்ற சொல்லை அந்த எழுத்தில் எழுதினால் ஏழு எழுத்தும் சேர்ந்து பதினைந்து குத்துக்கோடுகளாக நிற்கும். எங்கே எந்த எழுத்து முடிகிறது என்பதைப் பொருளறிந்தவர்தான் சொல்ல முடியும். ஆங்கிலத்தில் ‘லவ்’ (அன்பு), ‘சன்’ (மகன்), ‘கம்’ (வா) ஆகிய சொற்களில் ‘யு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓ’ இருப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வது வழக்கம். அடுத்து வரும் ‘எம்’, ‘என்’, ‘வி’ ஆகியவற்றின் கோடுகளோடு ‘யு’வின் கோடுகள் கலந்துவிடாமலிருக்க ‘ஓ’ எழுதினார்களாம். இந்த விளக்கத்தை முழுமையாக ஏற்காதவர்களும் உண்டு.

இந்த எழுத்தைப் பற்றி முதலில் குறைபட்டுக்கொண்டவர்களில் கவிஞர் பெட்ரார்க் ஒருவர். வயது முதிர்ந்து கண் மங்கிய நிலையில் 1366இல் தம் நண்பரும் எழுத்தாளருமான பொக்காச்சியோவுக்கு எழுதிய கடிதத்தில், எட்ட நின்று பார்த்தால் கண்ணைக் கவர்ந்து கிட்ட வந்தால் கண்ணை வருத்தும் எழுத்து என்ற கருத்தில் அதைச் சாடியிருக்கிறார். அவரைப் பின்பற்றிய ஃபுளோரன்ஸ் நகரத்து அறிஞர்கள், பழைய ரோமானிய ஆசிரியர்களின் நூல்களை மடங்களில் தேடியெடுத்தபோது, அவர்கள் கைக்குக் கிடைத்தவற்றில் மிகுதியானவை கரோலிங்கியக் காலத்திலும் அதையொட்டியும் எழுதப்பட்ட படிகள். அந்தத் தெளிவில் மயங்கி, 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் போஜ்ஜியோ பிராச்சொலீனி முதலியோர் அதையே பார்த்து எழுதத் தொடங்கினார்கள். அதற்குப் ‘பழைய எழுத்து’ என்றும் பெயரிட்டார்கள். ரோமானியர்கள் கைப்பட எழுதிய எழுத்தே அது என்று நம்பினார்களா, காதிக்கைவிடப் பழையது என்ற பொருளில் மட்டும் சொன்னார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. எப்படியிருந்தாலும், சிறிய எழுத்தைக் கரோலிங்கியச் சுவடிகளிலிருந்தும் பெரிய எழுத்தை ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்தும் எடுத்து அவர்கள் ஒரே வரியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ எழுநூறு ஆண்டு இடைவெளி. எங்கள் தொழிலில் பெரிய எழுத்து மேல் பெட்டியிலும் சிறிய எழுத்து கீழ்ப் பெட்டியிலும் தனித்தனியாக இருக்கும். பெட்டியை நினைத்தால் இது பொருத்தமாகத்தான் படுகிறது.

அச்சு வந்தபோது இரண்டு எழுத்துகளும் களத்தில் இருந்தன. 1455ஐ ஒட்டி கூட்டன்பர்க் அச்சிட்ட விவிலியம் காதிக்கில் இருக்கிறது. கையெழுத்துச் சுவடிபோலவே தோன்ற வேண்டும் என்பதற்காகக் கூட்டெழுத்துகளும் சுருக்கெழுத்துகளும் உட்பட ஏறத்தாழ 290 வகை அச்சுகளை அவர் வார்த்தார். 1470இல் வெனிஸ் நகரில் நிக்கோலா ஜென்சன் வார்த்த எழுத்து ஃபுளோரன்ஸ் அறிஞர்களின் எழுத்தைத் தழுவியது; இன்று கணினியில் நீங்கள் காணும் ரோமன் எழுத்துருக்கள் அதன் வழித்தோன்றல்கள். ஜெர்மனியில் மட்டும் காதிக் குடும்பம் 1941வரை அன்றாட அச்சில் நீடித்தது. அந்த ஆண்டு சனவரியில் நாஜி அரசே அதை விலக்கியது. நம் ஊரில் பட்டச் சான்றிதழ்களின் தலைப்பில் அது இன்றும் கௌரவமாக வீற்றிருக்கிறது.

இனிக் கொக்கி. கொக்கி வைத்த ‘ஏ’ கரோலிங்கிய நூலெழுத்து வழியாக ஜென்சனிடம் வந்தது. அதே ஃபுளோரன்ஸ் வட்டத்தைச் சேர்ந்த நிக்கோலோ நிக்கோலி வேகமாகப் படியெடுப்பதற்காகச் சாய்வான கையெழுத்து ஒன்றைக் கைக்கொண்டார்; அவ்வகை எழுத்தில் ‘ஏ’வின் கொக்கி உதிர்ந்துவிட்டது. 1501இல் வெனிஸ் நகர ஆல்டஸ் அச்சகம் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலில் அது சாய்வெழுத்தாக அச்சேறியது. பின்னாளில் பள்ளிகளில் கற்பித்த கையெழுத்து முறைகள் இந்தக் கைவேகக் குடும்பத்திலிருந்து கிளைத்தவை. ஆகவே புத்தகத்தின் ‘ஏ’ நூலெழுத்தின் வாரிசு, நோட்டின் ‘ஏ’ கையெழுத்தின் வாரிசு. உங்கள் மகள் எழுதியது பிழையான ‘ஏ’ அன்று. கையால் எழுதக் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடிக்கும் ‘ஏ’, அவ்வளவே. மதிப்பெண்ணுக்காகக் கொக்கியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஏட்டுக்கட்டு (மறுமொழி):

ஓலைச்சுவடி படிப்பவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. ரோமானியச் சுவடிகளிலும் சொற்களுக்கு இடையே இடம் விடும் வழக்கம் நிலைபெற்றிருக்கவில்லை. தொடர்ந்து ஒரே சங்கிலியாக எழுதினார்கள். ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் அதை முறையாகப் பிரித்து எழுதியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். இலத்தீன் அவர்களுக்குத் தாய்மொழியன்று, ஆகவே எங்கே சொல் முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நம் ஓலைகளிலும் சொல்லிடைவெளி கிடையாது. புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஓலைகள் தாய்மொழிக்காரர்களுக்காக எழுதப்பட்டவை என்பதால் அது குறையாகப் படவில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. எழுத்தாணி ஓலையைக் கீறும் கருவியாதலால் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் விழும். இறகுப்பேனா அவர்கள் சொன்ன தடிப்பும் மெலிவும் நம் சுவடிகளில் காணக் கிடைக்காது.

நாலுகோடு (கேட்டவர்):

மீண்டும் நன்றி. கொள்ளுத்தாத்தா கதையைச் சொன்னேன், ஏற்றுக்கொண்டாள். இப்போது புதிதாக ஒன்று கேட்கிறாள்: சின்ன ‘ஐ’க்கு மட்டும் ஏன் பொட்டு வைத்திருக்கிறார்கள், பெரிய ‘ஐ’க்கு ஏன் இல்லை?

இறகுப்பேனா (மறுமொழி):

அச்சுக்கோப்பு ஐயா சொன்ன வேலியை அவளுக்கு வரைந்து காட்டுங்கள். அந்தக் குத்துக்கோடுகளுக்கு நடுவே ‘ஐ’ எது என்று அடையாளம் காட்டுவதற்காகப் பதினோராம் நூற்றாண்டையொட்டி எழுத்தர்கள் அதன் தலைக்கு மேல் மெல்லிய சாய்கீறல் ஒன்றை இழுக்கத் தொடங்கினார்கள். அதுவும் முதலில் இரண்டு ‘ஐ’ சேர்ந்து வந்து ‘யு’ என்று மயங்கக்கூடிய இடங்களில்தான். அந்தக் கீறல் சுருங்கிப் பின்னால் புள்ளியாயிற்று. பெரிய ‘ஐ’ அந்த வேலிக்குள் நின்றதே இல்லை, ஆகவே அதற்குப் பொட்டு தேவைப்படவில்லை. ‘ஜே’க்குப் பொட்டு ஏன் என்று அடுத்துக் கேட்பாள். ‘ஜே’ என்பது வால் நீட்டிய ‘ஐ’யாகத்தான் பல நூற்றாண்டுகள் இருந்தது, தனி எழுத்தாகப் பிரிந்து போனபோது பொட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.